சிறுவர் நூலகச் சங்கம், திருப்பூர்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கும் இடம் இது. அதனால் இவ்வாண்டு பட நூல்களுக்கே முதலிடம் தந்தோம்.

வேறு மாநிலத்தாரைத் திருவிழா உடையில் மட்டும் காட்டும் நூல்களை வாங்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளை பல் துலக்குவதும் தம்பியோடு சண்டை போடுவதும் படத்தில் இருக்க வேண்டும். கறுத்த நிறத்தவர் வேலைக்காரராகவோ திருடராகவோ மட்டும் வருகிறாரா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தே எடுத்தோம். ஒரு சமூகத்துக்கு ஒரே நூல் வைத்தால், “அவங்க எல்லாருமே இப்படித்தான்” என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடும். குறைந்தது மூன்று நூல்களாவது வேண்டும்.

பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை தமிழ், இந்தி, ஒடியா எனப் பல மொழிகளில் கிடைக்கிறது. எழுத்தாளர், ஓவியர், பதிப்பாளர் பெயர்களையும் உரிமக் குறிப்பையும் விடாமல் போட்டால் தனி அனுமதியின்றி அச்சடிக்கலாம். ஏ4 தாளில் புக்லெட்டாக எடுக்கும்போது பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். இருபுற அச்சில் ‘ஷார்ட் எட்ஜ்’ (தாளின் குறுகிய ஓரமாகத் திருப்புவது) தேர்வு செய்யாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக விழும்.

பிள்ளைகளே செய்யும் இருமொழி நூல்தான் இவ்வாண்டின் முக்கிய வேலை. நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக மடித்தால் 16 பக்கம். மடிப்போரம் ஒன்றரை சென்டிமீட்டர் வெறுமையாக விட வேண்டும்; இல்லாவிட்டால் தையலுக்குள் படம் மறைந்துவிடும். நூலைத் திறந்தால் இடப்பக்கம் நம் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். வலப்பக்கம் ஒடிசாவின் பகாள, தயிர், வறுத்த கீரை. சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைப்பது இரண்டிலும் ஒன்றே, தொட்டுக்கொள்வதுதான் வேறு. அடுத்த இரு பக்கங்களில் பொங்கலும் பீகாரின் சட் பூஜையும்: இரண்டிலும் சூரியன், கரும்பு, வெல்லம். ஆனால் சட்டில் மறையும் சூரியனுக்கு முதலில் அர்க்கியம் (நீர் வார்த்து வணங்குவது), மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கு. வேறுபாட்டை மழுப்பி “எல்லாம் ஒன்றுதான்” என்று எழுதினால் பீகார்ப் பிள்ளைக்கு அது தன் பண்டிகையாகவே தெரியாது.

இரு மொழி எழுத்தும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒடியாவைக் கீழே பொடி எழுத்தில் போட்டால் எந்த மொழி பெரியது என்று யாரும் சொல்லாமலே பிள்ளை புரிந்துகொள்ளும். கணினியில் அடித்தால் எழுத்துரு சரியில்லாமல் ஒடியாக் கூட்டெழுத்துகள் பிரிந்துபோகின்றன. படிக்கத் தெரிந்த தாய் ஒருவர் பார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.

பராமரிப்பு: ஸ்டேப்ளர் பின் அடித்த நூல்களில் நடுத்தாள்தான் முதலில் கழலும், மழைக்காலத்தில் பின் துருவேறித் தாளையும் அரிக்கும். பின்னைக் கழற்றி, மூன்று துளையிட்டுப் பருத்தி நூலால் தைக்கிறோம். செல்லோடேப் ஒட்ட வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகிப் பசை கசியும். பைண்டிங்கில் வழக்கமான, மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற நச்சு உப்பு) கலந்த மைதாப் பசை, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளின் நூலுக்கு ஆகாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டு நூல் வாங்கும் தொகையில் பாதியை இந்தி, ஒடியா நூல்களுக்கு ஒதுக்கும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்