செட்டிநாடுன்னு போர்டு மாட்டினா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் செட்டிநாடு போர்டுதான், எங்க ஊர்ப் பேரு ஓடுறதுல சந்தோஷம், ஆனா அந்த ஓட்டல்கள்ல தரையைக் குனிஞ்சு பாத்தா பாதி இடத்துல, காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடி கிராமத்து டைல்ஸ் டிசைனை பிரிண்ட் போட்ட செராமிக்தான் கிடக்கு. நெஜ ஆத்தங்குடி டைல்ஸுக்கு சூளையே கிடையாதுங்க. கண்ணாடி மேல அச்சை வச்சு ஒவ்வொரு கலரா சிமெண்டைக் கையால ஊத்தி, அச்சை எடுத்துட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊறப் போடுவாங்க. கண்ணாடியோட வழவழப்பு அப்படியே கல்லுல எறங்கிடும். கை வேலைங்கிறதால ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இருக்காது, கோடு லேசா கலங்கியிருக்கும், அதைப் பாத்து டேமேஜ்னு திருப்பி அனுப்புற ஆளுகளும் இருக்காங்க, என்னத்தச் சொல்ல!

கடைக்காரங்களை மட்டும் திட்டி என்ன பண்றது, நம்ம ஆளுகளே அப்படித்தானே. நகரத்தார் பிரிவுகளுக்கான ஒம்போது கோயில்ல எந்தக் கோயில்னு கேட்டுத்தான் இன்னைக்கும் கல்யாணப் பேச்சே ஆரம்பிக்குது, அதுல அவ்வளவு கறாரா இருக்கிறவங்க தாம்பூலத்துக்குக் கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, வாங்கும்போது மட்டும் பிளாஸ்டிக்கே போதும்ங்கிறாங்க. எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம், மேடை டெக்கரேஷனுக்கு லட்சக்கணக்குல செலவு, ஓலைக் கொட்டானுக்கு மட்டும் பத்து ரூபாய்க்கு பேரம். ஓலையைக் கிழிச்சு, சாயத்துல காய்ச்சி, காய வச்சு, திரும்ப நனைச்சு பின்னணும், விரலெல்லாம் கீறிப்போகும். முன்னாடி வீட்டு ஆச்சிகளே பின்னுனது, இப்ப சுத்துப்பட்டு கிராமத்துப் பொம்பளைக பின்னுறாங்க, அவங்ககிட்டதான் நமக்கு பேரம் வருது.

கண்டாங்கி சேலைக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சுது, கொட்டானுக்கு அதுக்கு முன்னாடியே இருக்கு. இருந்து என்ன, வாங்குறவங்களுக்கு அசலு எது போலி எதுன்னு தெரியலைன்னா அந்த முத்திரை சர்டிபிகேட்டுலயே கிடக்க வேண்டியதுதான். இதுல சிட்டியில வளர்ந்த பிள்ளைகளைக் குத்தம் சொல்ல மாட்டேன், நாம காட்டிக் குடுத்தாத்தானே அதுகளுக்குத் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தை மாசம் முகூர்த்த சீசன்ல உங்க பேப்பர்ல நகைக்கடை விளம்பரமா வரும், அதுக்கு நடுவுல ஒரு கால் பக்கம் ஒதுக்கி கொட்டான், கண்டாங்கி, டைல்ஸ் மூணுலயும் அசலை எப்படிப் பாத்து வாங்குறதுன்னு போட்டோ போட்டுப் போடுங்க, செய்யிறவங்க ஊரையும் சேத்துப் போட்டா ஆர்டர் நேரா அவங்களுக்கே போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி