கடற்பசு மீன் அன்று

ஆசிரியருக்கு,

பாக் விரிகுடா கடற்பசுப் பாதுகாப்பகம் பற்றிய செய்தியைப் படித்தேன். 2022-இல் 448 சதுர கி.மீ. பரப்பில் தமிழக அரசு அறிவித்த காப்பகம் அது. செய்தியில் ஓரிடத்தில் கடற்பசுவை 'அரிய மீன்' என்று குறிப்பிட்டிருந்தது வருத்தம் தந்தது. இதை வெறும் சொற்பிழை என்று விட்டுவிட முடியவில்லை. கடற்பசு ஒரு பாலூட்டி. நுரையீரலால் சுவாசிக்கும் அந்த விலங்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்தே தீர வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுத் திணறி இறந்துவிடும். ஓராண்டுக்கும் மேல் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு கன்றைத்தான் ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். மீன் என்றே நினைத்திருப்பவருக்கு, ஒரு கடற்பசு செத்தால் எவ்வளவு பெரிய இழப்பு என்பது எப்படிப் புரியும்?

கடலையே பார்த்திராத என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, வீட்டில் பசு வளர்க்கும் ஒரு சிறுமி, "கன்று கூப்பிட்டால் அம்மாவுக்குத் தண்ணீருக்குள் கேட்குமா, டீச்சர்?" என்றாள். கேட்கும். கீச்சொலி எழுப்பித்தான் தாயும் கன்றும் தொடர்பில் இருக்கின்றன. கைப்பேசியில் அந்த ஒலியை ஓடவிட்டதும் வகுப்பே அடங்கிவிட்டது. குருவிச் சத்தம் என்றுதான் பலர் நினைத்தார்கள். வேலூர்க் கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் இந்த ஒலியைக் கேட்கும் வசதியும் எளிய தமிழ் விளக்கமும் வைக்க அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும்.

- பள்ளி ஆசிரியை, அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்