பெரிய சொல் சுலபம், சின்னச் சொல்தான் சிரமம்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சேலத்திலேயே வேலை அமைந்தது ரொம்பச் சந்தோஷம். என் முழங்கால் இப்போது தேவலை. அமெரிக்காவில், சான் அன்டோனியோவில் மகன் வீட்டோடு வந்த பிறகு சும்மா உட்கார முடியவில்லை. பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஆங்கில வகுப்புக்கு உதவப் போகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, ஹோண்டுராஸ்காரர்கள். கூரை போடுகிறவர்கள், ஹோட்டல் அறை சுத்தம் செய்கிறவர்கள்.

நீயும் நானும் ஊரில் ஆங்கிலம் நடத்தியதற்கு இங்கே எல்லாம் தலைகீழ். நம் பிள்ளைகள் ‘கேட்’, ‘டாக்’ எல்லாம் சொல்லிவிட்டு ‘எஜுகேஷன்’ வந்ததும் முழிப்பார்கள். இவர்களுக்கு எஜுகேஷன் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் மொழியான ஸ்பானிஷில் அது ‘எதுகாசியோன்’. ‘ஷன்’ என்று முடிந்தால் ‘சியோன்’, யுனிவர்சிட்டி மாதிரி ‘டி’யில் முடிந்தால் ‘தாத்’. இந்த இரண்டைச் சொல்லிக்கொடுத்தாலே நூற்றுக்கணக்கான சொற்கள் கைக்கு வந்துவிடும். ஹாஸ்பிட்டல், அனிமல், ஐடியா எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான்.

காரணம் உனக்குத் தெரிந்ததுதான். 1066-இல் பிரான்சின் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. பின்னால் படித்தவர்கள் லத்தீனிலிருந்தும் நேராக அள்ளிக்கொண்டார்கள். பிரெஞ்சும் ஸ்பானிஷும் பிறந்ததே லத்தீனிலிருந்து. ஆனால் வீட்டுக்குள், வயலில் புழங்கிய சொற்கள் பழைய ஜெர்மானியச் சொற்களாகவே தங்கிவிட்டன. சிக்கல் அங்கேதான்.

போன வாரம் ஒருவர் மருத்துவமனைப் படிவம் கொண்டுவந்தார். பேஷன்ட், அலர்ஜி, மெடிக்கேஷன், எமர்ஜென்சி, அக்குபேஷன் எதற்கும் என்னைக் கேட்கவில்லை. ‘சிக்னேச்சர்’ வந்ததும் பேனா நின்றுவிட்டது. கையெழுத்துக்கு அவர்கள் சொல்வது ‘ஃபிர்மா’. ‘அசிக்னாத்தூரா’ என்றால் பள்ளிப் பாடம்! அதைத் தாண்டினார். ஆனால் நர்ஸ் “டேக் ஆஃப் யுவர் ஷூஸ்” என்று சொன்னபோது ஒன்றும் புரியவில்லையாம். ‘டாலரேட்’ தெரிந்தவருக்கு அதே பொருளுள்ள ‘புட் அப் வித்’ தெரியவில்லை. மூன்றும் குட்டிச் சொற்கள், சேர்ந்தால் எங்கேயோ போய்விடுகின்றன. பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் ‘டேக்’, ‘புட்’ எல்லாம் எளிது என்று முதல் பாடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். இவர்களுக்கு அது நியாயமே இல்லை என்பது என் கட்சி. செய்தித்தாள் தலைப்பில் ஆரம்பிக்க வேண்டும். பாதி அவர்களாகவே படித்துவிடுவார்கள், தைரியம் வரும்.

காதுதான் கைவிடுகிறது. ஸ்பானிஷில் உயிரொலி ஐந்துதான். ‘ஷிப்’, ‘ஷீப்’ இரண்டும் ஒன்றாகவே கேட்கும். பார்த்தால் தெரிகிற சொல்லை இங்கத்தியர் விழுங்கிப் பேசும்போது பிடிக்க முடிவதில்லை. அப்புறம், நம் ஊர் ‘இஸ்கூல்’ இங்கே ‘எஸ்கூல்’. கேட்டதும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

முகம் பார்த்து ஏமாறுகிற சொற்களும் உண்டு. வகுப்புக் கதவுக்கு மேலே சிவப்பில் ‘எக்சிட்’ என்று எரிகிறது. ஒரு அம்மா அதைக் காட்டிச் சிரித்தார்: அவர்களுக்கு ‘எக்சிட்டோ’ என்றால் வெற்றி! வகுப்பு முடிந்து போகும்போது இப்போது எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, எனக்கு ஒரு உதவி. எட்டாம் வகுப்புக்கு நீ ‘கெட்’, ‘புட்’, ‘டேக்’ மூன்றுக்கும் வாக்கியம் எழுதி வைத்திருந்த நோட்டு இருக்கிறதா? இருந்தால் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. சனிக்கிழமைக்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
ராமு