அரசாங்க நூலைப் பிரதி எடுக்க யாரிடம் அனுமதி கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் நமது வரிப்பணத்தில் அச்சாகும் அரசாங்க அறிக்கைகளையும் நூல்களையும் எவரும் பிரதி எடுக்கலாம் என்று அவற்றின் உள்பக்கத்திலேயே ஒரு வரி போட வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

சட்டம், வர்த்தமானி விடயத்தில் சிக்கல் இல்லை. சட்டவாக்க, நிருவாக, சட்ட ரீதியான உத்தியோகபூர்வ வாசகங்களுக்கும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளுக்கும் பதிப்புரிமை இல்லை என்கிறது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. ஆனால் ஒரு திணைக்களம் போடும் ஆய்வு நூல், வரைபடம், பாடநூல் எல்லாம் இதற்குள் வருமா? கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். பாடநூலை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், திறந்தால் உள்ளே பதிப்புரிமை வாசகமும் இருக்கும்.

நான் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். மூன்று மொழியிலும் வந்த வெளியீட்டில் தமிழ்ப் பிரதிதான் முதலில் காணாமற்போகும், அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அண்மையில் அப்படியொரு பழைய அறிக்கையை வெள்ளவத்தையில் போட்டோகொப்பி எடுக்கக் கொடுத்தேன். அட்டை கழன்று, தையல் விட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்த பிரதி. கடைத் தம்பி உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அன்ரி, உரிமை எண்டு போட்டிருக்கு, முழுசா எடுக்க ஏலாது" என்று திருப்பித் தந்துவிட்டார். அவரில் பிழையில்லை. சரி, அனுமதி வாங்குவோம் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். இன்றுவரை பதில் இல்லை. அதற்குள் அந்தத் தாள் உதிர்ந்துவிடும் என்பதுதான் என் கவலை.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் ஆவணத்தின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். வாங்கியதை மறுபதிப்புச் செய்வது வேறு கதை. இந்தியாவில் அரசாங்க நூலின் பதிப்புரிமை வெளியான பின் 60 ஆண்டுகளுக்கு இருக்கும். அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் ஆக்கங்களுக்கோ அந்நாட்டுச் சட்டத்தில் பதிப்புரிமையே கிடையாது. நமக்கு இந்த இரண்டாவது வழிதான் நல்லது.

பாடநூலில் சேர்த்த கதை, கவிதைகளுக்கு எழுதியவர்களின் உரிமை அப்படியே இருக்கட்டும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அரசாங்கம் தானே எழுதி அச்சிட்டதையாவது எல்லோரும் பிரதி எடுக்க, மறுபதிப்புச் செய்ய விடும்படி திணைக்களங்களுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்புங்கள் என்று பொறுப்பான அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06