இரவில் கேமரா அணைவது குறித்து, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒரு வீட்டில் இரவில் கேமரா அணைந்துபோனதைக் காட்டி, கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் பழையதைப் புதியது என்று சொல்லி எங்கள் கடை மாட்டிவிடுகிறது என்று காரைக்குடி முழுக்க ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பிக் கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. ஒரு வீட்டில்கூடப் பழைய பெட்டி வைத்ததில்லை. எல்லாம் பில்லோடு வாங்கியவை. வரிசை எண்ணைக் கடைக்கு வந்து எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நம் ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பில் பெட்டி, பின்கட்டில் கேமரா, நடுவே 50 மீட்டர் கேபிள். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்கில் அது 100 மீட்டர். பகலில் அந்தக் கேமரா 0.2 ஆம்பியர் இழுக்கிறது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் அது 0.4 ஆகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: பெட்டியில் 12 வோல்ட், பின்கட்டில் பகலில் 10.6, இரவில் 9.2. 12 வோல்ட் கேட்கும் கேமரா அதில் எப்படி ஓடும்? அங்கே இருப்பது நான்கு கேமரா. இரவில் நான்கும் சேர்ந்தாலும் 2 ஆம்பியரைத் தாண்டாது. பெட்டியோ 5 ஆம்பியர். பெட்டியில் குறையே இல்லை, வோல்ட்டைத் தின்றது கம்பி.

வேறொருவர் வந்து பெட்டியின் திருகைத் திருப்பி 14 வோல்ட் ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். பின்கட்டுக் கேமரா பிழைக்கும். பக்கத்திலேயே இருக்கும் முகப்புக் கேமரா அந்த அழுத்தத்தை நாள் முழுக்கத் தாங்க வேண்டும்.

தூரக் கேமராவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுத்தால் இழப்பு அரை வோல்ட்தான். இல்லையென்றால் பின்கட்டு பிளக்கிலேயே தனி அடாப்டர் வைக்கலாம். செம்பைவிட அதிகம் வோல்ட்டைத் தின்னும், செம்பு பூசிய அலுமினியக் கம்பியை இனி எங்கள் கடை விற்காது. சென்ற ஆண்டு வரை சில வீடுகளில் அதைப் போட்டிருக்கிறோம். மாற்றும்போது கம்பி விலை உங்களுடையது, கூலி எங்களுடையது.

எட்டு ஆண்டுகள் உடனிருந்த தம்பி வெளிநாடு போய்விட்டதால் இப்போது நானே வருகிறேன். ஒன்றாம் தேதி முதல் வருகைக் கட்டணம் 400 ரூபாய்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு, பூட்டிய வீட்டை எங்களை நம்பி விட்டிருக்கும் ஆச்சிமாருக்கும் அண்ணன்மாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரவில் படம் மறைந்தால் எந்தக் கேமரா, எத்தனை மணிக்கு என்று மட்டும் குறித்து அனுப்புங்கள். மீட்டரோடு வருகிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்