வேப்பமரத்தடியில் கிடந்த நோட்டீஸ்கள்

நம் கல்லூரித் தோழர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

இரத்த தான முகாம் நேற்று நல்லபடியாக முடிந்தது. கடைசி நேரத்தில் தேதி மாறியதும் நாங்கள் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சார்பில் முதல் நன்றி, நம் வளாகத்தைப் பெருக்கும் அக்காவுக்கு.

முகாமுக்கு முன்பு ஒரு நாள் காலை வாயிலில் நின்று நோட்டீஸ் கொடுத்தோம். வாங்கியவர்கள் பத்தடி நடப்பதற்குள் கீழே போட்டுவிட்டார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பழைய தேதியை அடித்துப் புதியதைப் பேனாவால் எழுதியிருந்தோம். மணி அடித்தபோது வேப்பமரத்தடி முழுக்க அவைதான் கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இடைவேளையில் அக்கா என்னைத் தேடி வந்தார். மண்ணைத் தட்டி, மடிந்த ஓரங்களை நீவி, ஒரு கட்டாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். “கையால் எழுதியிருக்கிறீர்களே பாப்பா, குப்பையில் போட மனம் வரவில்லை” என்றார். பிறகு, “காலையில் ஓடுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் கொடுங்கள். அங்கே தாள் அவ்வளவாக விழாது” என்றார். எங்கே எப்போது தாள் விழும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

மாலையில் அதே நோட்டீஸ்களோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். வாங்கியவர்கள் படித்தார்கள், கேள்வி கேட்டார்கள். 45 கிலோ இருந்தால் போதுமா? எவ்வளவு எடுப்பார்கள்? 350 மில்லி என்றதும் பலருக்குப் பயம் தெளிந்தது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும், அவை குறைந்துபோகும் டெங்குக் காலத்தில் அதனால்தான் இந்த அவசரம் என்று சொன்னபோது, பஸ் வந்தும் ஏறாமல் நின்று கேட்டாள் ஒரு முதலாண்டு மாணவி. காலையில் நாங்கள் தாளைத் திணித்தோமே தவிர, யாரிடமும் பேசவில்லை.

அக்காவும் இரத்தம் கொடுக்க வந்தார். இரத்தம் கொடுக்கத் தேவையான ஹீமோகுளோபின் அளவு 12.5 கிராம் இல்லை என்று மருத்துவர் திருப்பி அனுப்பியதில் அவருக்கு மிகுந்த வருத்தம்.

கடனுக்கு நகல் எடுத்துத் தந்த ஜெராக்ஸ் கடை அண்ணன், வகுப்பில் பேச நேரம் தந்த பேராசிரியர்கள், பழச்சாறு கொண்டுவந்த விடுதிச் சமையலறையினர், அரசு மருத்துவமனை இரத்த வங்கிச் செவிலியர்கள், கை நீட்டிய அத்தனை பேர் என எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இனி எந்த முகாமுக்கு நோட்டீஸ் கொடுத்தாலும், கீழே விழுவதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் நாங்கள் வகுப்புக்குப் போவோம். அக்கா குனிய வேண்டியிருக்காது.

அன்புடன்,
இரண்டாம் ஆண்டு தாவரவியல் மாணவி