அரைக்கட்டை இறக்குங்கள், அண்ணா

அன்புள்ள அண்ணா,

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு உங்கள் ரொக் குழு அல்பம் போடப்போகிறது என்ற கதை வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை பரவிவிட்டது. வாழ்த்துச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை அவர்களிடமே விடுகிறோம். ஒலிப்பதிவு அறையில் வேலை செய்கிற எங்களுக்குக் கவலை வேறு. "குரல் போனால் என்ன, கொம்பியூட்டரில் சரி செய்யலாம்" என்று யாரோ ஒருவர் இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார். அந்தப் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள். இப்போது இருக்கும் குரலுக்கும் கைக்கும் ஏற்றபடி பாட்டை மாற்றுங்கள். பிறகு இருக்கிற நான்கு பேரும் ஒரே அறையில் நின்று வாசியுங்கள்.

முதல் வேலை சுருதி. அறுபதைத் தாண்டிய தொண்டை பழைய கோரஸின் உச்சியை ஒத்திகையில் ஒருதரம் எட்டிவிடும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்றரை மணித்தியாலம் பாடி முடித்தபிறகு, அந்த உச்ச வரியை மூன்று தடவை தொடர்ந்து பாடிப் பாருங்கள். மூன்றாவது தடவையும் கழுத்து நரம்பு புடைக்காமல் வருகிற சுருதிதான் உங்கள் சுருதி. பெரும்பாலும் அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறங்கவேண்டி வரும். அதற்கு மேல் இறக்கினால் சரணம் பாதாளத்துக்குப் போய்விடும், சொல் கேட்காது. அப்படியானால் சுருதியை அங்கேயே விட்டு, சரணத்தின் மெட்டை மட்டும் கொஞ்சம் மேலே தூக்குங்கள்.

பழைய கசற்றைப் போட்டுக் கேட்டு "நான் இந்தச் சுருதியில்தானே பாடினேன்" என்று முடிவு கட்டவும் வேண்டாம். கசற் வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். பிளேயர் 3 வீதம் வேகமாக ஓடினாலே கால்கட்டை கூடிவிடும். சரிபார்க்க ஒரு வழி உண்டு: பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அமைதியில் மின்சார இரைச்சல் மெல்லியதாகப் பதிவாகியிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சல், எந்த அதிர்வெண் எவ்வளவு என்று கொம்பியூட்டர் காட்டும் அலைமாலைப் படத்தில் 51.5இல் நின்றால் ரேப் 3 வீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். மின்சாரமும் சற்றே ஏறி இறங்கும் என்பதால் இது ஏறத்தாழத்தான், ஆனாலும் காதை மட்டும் நம்புவதைவிட மேல்.

சுருதியை இறக்கும்போது கோர்ட்ஸை இடம்மாற்றாதீர்கள். உங்கள் பாட்டுகளின் முதுகெலும்பே திறந்த கம்பிகளில் வாசிக்கிற, திரும்பத் திரும்ப வரும் அந்த ரிஃப்கள்தான். இடம்மாற்றினால் அவை வேறு பாட்டாகிவிடும். கிட்டாரையே இறக்கிச் சுருதி சேர்க்கவேண்டும். அரைக்கட்டை இறக்கினால் கம்பியின் இறுக்கம் ஏறத்தாழ 11 வீதம் குறையும், ஒரு கட்டை இறக்கினால் 21 வீதம். கம்பி தொளதொளத்து, அழுத்தும்போது சுருதி ஏறி, எல்லாக் கோர்ட்டும் புளித்துக் கேட்கும். அதனால் கம்பியின் தடிப்பைக் கூட்டுங்கள். 9–42 (ஆக மெல்லிய கம்பி 0.009 அங்குலம், ஆகத் தடித்தது 0.042) போட்டு வாசித்தவர், ஒரு கட்டை இறக்கி 10–46 போட்டால், விரலுக்குக் கிட்டத்தட்டப் பழைய இறுக்கமே கிடைக்கும். 10 போட்டவர் 11க்குப் போகவேண்டும். பாஸுக்கு 45–105 அரைக்கட்டைவரை தாங்கும்.

கம்பியை மாற்றிவிட்டு அப்படியே ஸ்ரூடியோவுக்கு வந்து நிற்பதுதான் வழக்கமான பிழை. தடித்த கம்பி, கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் படிகிற பழைய நட்டின் வெட்டுக்குள் சிக்கும். வளைத்து விட்டதும் "டிக்" என்ற சத்தம் கேட்டு, கம்பி சுருதிக்குத் திரும்பாமல் சற்று இறங்கியே நின்றுவிடும். நட்டை அரமெடுத்து அகலப்படுத்தவேண்டும். கழுத்தின் வளைவும் மாறியிருக்கும், அதைச் சரிசெய்கிற ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பவேண்டாம். 12ஆவது ஃப்ரெட்டில் இன்டொனேஷன் (அழுத்தி வாசித்தாலும் சுருதி சரியாக நிற்கிறதா என்று) பார்ப்பது கடைசியாக, புதுக் கம்பியோடு. ஸ்பிரிங்கில் மிதக்கிற பிரிட்ஜ் என்றால் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கடலோரக் காற்றில் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். பதிவுக்கு முதல் நாள் மாலை மாற்றி, இழுத்து விட்டு, இரவே ஸ்ரூடியோவில் வைத்துவிடுங்கள். வெளியே எண்பது வீத ஈரப்பதனில் இருந்த மரம் ஏசி அறைக்குள் வந்ததும் சுருதி ஓடத் தொடங்கும், ட்ரம் தோல்களும் அப்படியே.

அடுத்து வேகம். மேடையில் எல்லாக் குழுவும் பதிவைவிட வேகமாகத்தான் வாசிக்கும். அந்த வேகத்தை ஸ்ரூடியோவுக்குக் கொண்டுவராதீர்கள். சரணத்தின் நீளமான வரியை ஒரே மூச்சில் பாடமுடிகிற வேகம் எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். கிளிக் (காதில் தட்டிக்கொண்டிருக்கிற மெட்ரோனோம்) வேண்டுமா என்று கேட்பீர்கள். நேர் நாலு (4/4) தாளத்துக்கு வேண்டும், ஆனால் ஒரே எண்ணில் வேண்டாம்: சரணம் நிமிடத்துக்கு 118 தட்டு என்றால் கோரஸ் 120, கடைசிக் கோரஸ் 121. அந்தச் சின்ன ஏற்றம் இல்லாவிட்டால் பாட்டு நடந்துகொண்டே இருக்கும், எழும்பாது. உங்கள் அந்த மூன்று பைலா-ரொக் பாட்டுகளுக்குக் கிளிக்கை 6/8இன் புள்ளிவைத்த கால் சுரத்தில், ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டாக மட்டும் வையுங்கள். ஆறையும் தட்டவிட்டால் ட்ரம்மர் கிளிக்கைத் துரத்திக்கொண்டிருப்பார். பதிந்தபின் அந்த மூன்றையும் கொம்பியூட்டரில் கட்டத்துக்குள் இழுத்து நேராக்க யாரையும் விடாதீர்கள். பைலாவின் ஆட்டமே அந்தக் கோணல்தான்.

ஒரே அறை என்று ஏன் அடம்பிடிக்கிறோம்? பிரித்தானிய ரொக் குழுவான பிளாக் சபத், பாடகர் ஓஸியோடு 35 வருடம் கழித்து 2013இல் ஒரு ஸ்ரூடியோ அல்பம் போட்டபோது, தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களுக்குப் போட்டுக்காட்டியது அவர்களுடைய 1970ஆம் ஆண்டு முதல் அல்பத்தைத்தான். அது கிட்டத்தட்ட ஒரே நாளில், சேர்ந்து வாசித்துப் பதிந்தது. தனித்தனியாகப் பதிந்தால் ஆளுக்கு ஆள் தன் பகுதியை நூறு தரம் திருத்தலாம். திருத்தத் திருத்த, நால்வரும் ஒருவரையொருவர் கேட்டு வாசித்த அடையாளம் போய்விடும். ஒரே அறையில் ஒருவரின் சத்தம் மற்றவரின் மைக்கில் கசியும், அதனால் ஒட்டுப்போட முடியாது. அந்தக் கசிவு உங்களுக்குக் காவல். விலை என்னவென்றால், பாட்டு கையில் ஊறியபிறகே ஸ்ரூடியோவுக்கு வரவேண்டும். ஒத்திகை ஒவ்வொன்றையும் ஃபோனில் பதிந்து, மறுநாள் கேளுங்கள், அன்றைக்கே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

ட்ரம்ஸுக்கு நான்கு மைக் போதும். ஒன்று ஸ்நேர் ட்ரம்முக்கு மேலே ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில், மற்றது ஃப்ளோர் டொம் பக்கம். இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து சரியாக ஒரே தூரத்தில் இருக்கவேண்டும், ஒரு நூலைப் பிடித்து அளந்துவிடுங்கள். 17 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால் 1000 ஹேர்ட்ஸை ஒட்டிய சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும், ஸ்நேர் தகர டப்பாவாகிவிடும். மூன்றாவது கிக்குக்கு, நான்காவது ஸ்நேருக்கு. மொனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். சத்தம் மெலிந்தால் ஏதோ ஒரு மைக்கின் ஃபேஸ் (ஒலி அலையின் ஏற்ற இறக்கம்) தலைகீழ்.

ஒரு நாளில் இரண்டு பாட்டு, வேகமானது காலையில். ஐந்தாவது டேக்கை (பாட்டை ஒருமுறை வாசித்துப் பதிவதுதான் ஒரு டேக்) தாண்டவேண்டாம். ட்ரம்மரின் மணிக்கட்டு அதற்குப் பிறகு பொய் சொல்லும், அவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று. இரைச்சல் வருகிறது என்று அம்பின் (அம்ப்ளிஃபையரின்) பிளக்கில் ஏர்த் கம்பியைக் கழற்றிவிடுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. வால்வ் அம்புக்குள் நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். உள்ளே ஒன்று பழுதாகி அம்பின் உலோக உடம்பில் பட்டால், மைக்கை உதட்டில் வைத்திருக்கிறவர் நீங்கள்தான். ஏர்த்தைத் தொடாதீர்கள். வாத்தியத்தை நேரே மேசைக்கு இணைக்கிற டிஐ பெட்டியில், சிக்னல் கேபிளின் ஏர்த்தை மட்டும் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் இருக்கிறது, எல்லா அம்பையும் ஒரே சுவர்ச் சொக்கற்றிலிருந்து எடுங்கள், மங்கல் சுவிட்ச் வைத்த விளக்குகளை அணையுங்கள், இரைச்சலை எளிதில் பிடிக்கிற சிங்கிள் கொயில் கிட்டாரோடு நாற்காலியைக் கால்வாசி திருப்பிப் பாருங்கள். இரைச்சல் பெரும்பாலும் போய்விடும்.

குரலுக்கு ஒரு நாளில் ஒரு பாட்டு, மூன்று டேக். மூன்றிலிருந்தும் நல்லதைச் சேர்க்கும்போது வரி வரியாக எடுங்கள், அசை அசையாக எடுத்தால் மூச்சு எங்கே போனது என்று கேட்கிறவருக்குப் புரியாது. சுருதி திருத்தும் மென்பொருளைத் தானியங்கியில் விட்டால் நம் பாட்டின் கமகத்தையும் இழைவையும் பிழையென்று நினைத்து நேராக்கிவிடும். நீண்ட சுரத்தின் முடிவு விழுந்தால் அந்த இடத்தை மட்டும் கையால் தூக்கலாம். கரகரப்பு இருக்கட்டும். வரிகளையும் ஒருமுறை பாருங்கள் அண்ணா: காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வருகிற பெண்ணைப் பார்த்து உருகுகிற வரி, அறுபத்திரண்டு வயதுக் குரலில் வேறு மாதிரிக் கேட்கும்.

இப்போது யாரும் சொல்லத் தயங்குகிற விஷயம். முப்பது வருடம் சிம்பலுக்குப் பக்கத்தில் நின்ற காதுகள் 4000 ஹேர்ட்ஸ் அளவில் கேட்கும் திறனை இழந்திருக்கும். ரொக் வாசித்தவர்களுக்கு இது சாதாரணம். அதனால் மிக்ஸின்போது "ஹைஸ் போதாது, இன்னும் கூட்டு" என்பீர்கள். உங்களுக்குச் சரியாகக் கேட்கிற மிக்ஸ் இருபது வயதுப் பிள்ளையின் காதைக் கிழிக்கும். மூத்த குழுக்களின் அல்பங்கள் சில கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம். மிக்ஸுக்கு முன் நால்வரும் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சமநிலையை, எது முன்னே எது பின்னே என்பதை, நீங்கள் முடிவு செய்யுங்கள். பளபளப்பை இளைய எஞ்சினியரிடம் விடுங்கள்.

கீபோட் வாசித்தவர் இல்லாததைப் பற்றி. ரோலிங் ஸ்டோன்ஸ் 2005க்குப் பிறகு 2023இல்தான் புதிய பாட்டுகளோடு அல்பம் வெளியிட்டார்கள். 2021இல் இறந்துபோன அவர்களுடைய ட்ரம்மர் சார்லி வொட்ஸ் வாசித்தது அதில் இரண்டு பாட்டில் மட்டும் இருக்கிறது. மற்றவற்றில் ட்ரம்ஸ் வந்த இடங்களை ஸ்டீவ் ஜோர்டன் தன் கையில் வாசித்தார், சார்லியைப்போல நடிக்கவில்லை. அதுதான் சரியான அளவு. உங்களிடம் இருக்கிற பழைய ரீல் ரேப்பில் கீபோட் தனி ட்ராக்கில் இருந்தால், ஒரு பாட்டுக்கு அதைப் பயன்படுத்துங்கள், குடும்பத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கியபிறகு. ஆனால் அந்த ரேப்பை இப்போதே மெஷினில் ஏற்றி ஓட்டிவிடாதீர்கள். எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிந்திய ரேப்கள் பலவற்றில் பசைப்பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் கீச்சிடும், ஹெட்டில் கபிலமாகப் படியும், படிவது உங்கள் பாட்டு. கொழும்பின் ஈரக்காற்றில் இது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 54 பாகை செல்சியஸில் எட்டு மணித்தியாலம் அல்லது அதற்குமேல், வெப்பம் கூடிக்குறையாத கருவியில் உலர்த்தவேண்டும். சமையலறை அவன் வேண்டாம், அது ஏறி இறங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுருள் ஊடுருவித் தெரிகிறதா? அது அசற்றேற் ரேப், அதை உலர்த்தவே கூடாது. மற்ற ரேப் உலர்த்தியபிறகு சில வாரங்கள்தான் தாங்கும், அதற்குள் 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் கொம்பியூட்டரில் ஏற்றிவிடுங்கள்.

மாஸ்டரிங்கில், அதாவது மிக்ஸ் முடிந்தபின் செய்கிற கடைசி மெருகில், சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். மெற்றாலிகாவின் 2008 அல்பத்தை அளவுமீறி அமுக்கிவிட்டார்கள் என்று அவர்களுடைய ரசிகர்களே போர்க்கொடி தூக்கினார்கள். இன்றைக்கு அதில் இலாபமும் இல்லை. ஸ்பொட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் –14 லஃப்ஸ் (சராசரிச் சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. –8இல் கொடுத்தால் 6 டெசிபல் குறைத்துத்தான் போடும், நசுங்கல் மட்டும் மிச்சமிருக்கும். –11 அல்லது –12, உச்சம் –1 டெசிபல், போதும். பாஸுக்கு 700 ஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் உறுமல் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபோனில் கேட்கிறவர்களுக்குப் பாஸ் வாசித்ததே தெரியாது.

ஒன்பது பாட்டு, நாற்பது நிமிடம். ஈகிள்ஸ் 28 வருடம் கழித்து 2007இல் இரட்டை அல்பம் போட்டார்கள். நன்றாக விற்றது, பாதியாக இருந்திருந்தால் நன்றாகவும் இருந்திருக்கும். ஒன்பதில் பழைய பாட்டின் மறுபதிவு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

அந்த இரண்டுக்கும் உரிமை யாருடையது என்று இப்போதே பாருங்கள். கசற் போட்டவருக்கு அந்தப் பழைய ஒலிப்பதிவில் உரிமை இருக்கலாம். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அவர்கள் இறந்து 70 வருடம்வரை. புதிதாகப் பாடிப் பதிய, பழைய மாஸ்டரின் சொந்தக்காரரைவிட எழுதியவரின் கையெழுத்துத்தான் முக்கியம், நீங்கள் அந்தக் காலத்தில் ஒப்பமிட்ட தாளில் வேறேதும் எழுதியிருந்தாலொழிய. ஒவ்வொரு புதிய பதிவுக்கும் புதிய ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் உரிய சர்வதேச அடையாள எண்) வேண்டும், பழையதைத் திரும்பப் போடக்கூடாது. குழுவின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று நால்வரும் உட்கார்ந்து ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து அனுப்புங்கள். இப்போது இணையத்தில் உங்கள் குழு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அப்படியே விட்டால் புதிய அல்பம் நான்காவது ஒரு பக்கத்தில் போய் விழும், பழைய பாட்டைத் தேடி வருகிறவர் கண்ணில் படாது.

அன்புடன்,
மிக்ஸிங் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள்
கொழும்பு